சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் புதிதாக வந்தவர்களுக்கு: டேலைட் சேவிங் நேரத்தோடு பழகுவது எப்படி

ஆஸ்திரேலியாவில் இப்போது மணி என்ன என்று யாராவது கேட்டால் ஒரே பதிலாகச் சொல்லிவிட முடியாது. எந்த ஊர், எந்த மாதம் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். ஜூலை மாதத்தில் அந்தப் பெரிய நிலப்பரப்புக்கு அதிகாரபூர்வமாக மூன்று நேரங்கள்; டிசம்பரில் ஐந்து. அந்த ஐந்தில் அதிகம் பேர் வாழ்வது ஆஸ்திரேலியக் கிழக்குப் பகலொளி நேரத்தில்தான், அதாவது சிட்னி, மெல்பர்ன், கான்பெரா, ஹோபார்ட் ஊர்களின் கோடை நேரத்தில். படிக்கவோ வேலைக்கோ இந்த ஊர்களுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளை இங்கே அனுப்பிவிட்டு எப்போது போன் செய்தால் எடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பதுதான் டேலைட் சேவிங். பலரும் முதல் அக்டோபரில் ஒரு முறை திண்டாடுகிறார்கள், பழகிவிட்டது என்று நினைக்கும்போது ஏப்ரலில் இன்னொரு முறை. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அந்தத் திண்டாட்டம் தேவையே இல்லை.

முதலில் கணக்கு

கிழக்குக் கரை மாநிலங்களின் வழக்கமான நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 10 மணி நேரம் முன்னால் இருக்கிறது. டேலைட் சேவிங் வந்தால் 11 மணி நேரம். அவ்வளவுதான் மாற்றம். இந்தியாவும் இலங்கையும் ஆண்டு முழுவதும் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே இருப்பதால், ஊருக்கும் சிட்னிக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம், கோடையில் ஐந்தரை மணி நேரம். ஊரில் காலை 9 மணி என்றால் சிட்னியில் ஜூலையில் பிற்பகல் 1:30, ஜனவரியில் 2:30. சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம், கோடையில் மூன்று.

இங்கே கோடை என்பது ஊர்க் கோடை இல்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் கோடை. ஆகவே டேலைட் சேவிங் அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. லண்டன், டொரொன்டோ பழக்கத்தில் வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் நாளில் அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் நேரே 3 மணிக்குத் தாவுகிறது. அன்று 2:15 என்றோ 2:40 என்றோ ஒரு நேரமே கிடையாது. முடியும் நாளில் அதிகாலை 3 மணி ஆனதும் மறுபடி 2 மணி ஆகிறது, அதாவது 2 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வையுங்கள், கீழே ஜாதகம் பற்றிச் சொல்லும்போது மறுபடி தேவைப்படும்.

2026, 2027 தேதிகளைப் போனில் குறித்துக்கொள்ளலாம்: 2026 ஏப்ரல் 5 முடிகிறது, 2026 அக்டோபர் 4 தொடங்குகிறது, 2027 ஏப்ரல் 4 முடிகிறது, 2027 அக்டோபர் 3 தொடங்குகிறது. சிட்னியிலும் கான்பெராவிலும் அக்டோபர் மாதத்தின் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை என்பதால், பல ஆண்டுகளில் நேர மாற்றம் அந்த நீண்ட வார இறுதிக்குள்ளேயே வந்துவிடும். அது நல்ல ஏற்பாடு. தூக்கம் சரியாக ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஏன் இந்த வேலை?

எங்கள் ஊரில் இப்படி ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஊருக்கு இது தேவைப்படாததற்குக் காரணம் புவியியல். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் அளவில்தான். சிட்னியில் அதே வித்தியாசம் நாலரை மணி நேரம் வருகிறது, இன்னும் தெற்கே ஹோபார்ட்டில் ஆறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. டிசம்பர் 22 வாக்கில் சிட்னியில் சூரியன் உதிப்பது சுமார் 5:41, மறைவது சுமார் 8:05, இது டேலைட் சேவிங் கணக்கு. அது இல்லையென்றால் காலை 4:41க்கே விடிந்துவிடும், மாலை 7:05க்கு இருட்டிவிடும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் வீணாகும் அந்த விடியற்கால வெளிச்சத்தை எடுத்து, வேலை முடிந்து வந்தபின் கிடைக்குமாறு மாலைப் பக்கம் தள்ளி வைப்பதுதான் நோக்கம். பகல் ஒரு நிமிடம்கூட நீள்வதில்லை, நாம் எழுந்திருக்கும் நேரம் மாறுகிறது.

இந்த யோசனையை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் பக்கத்து நாடான நியூசிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் வெர்னன் ஹட்சன். அஞ்சலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர். வேலை முடிந்ததும் பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்று 1895ஆம் ஆண்டு வெலிங்டனில் ஒரு கட்டுரை படித்தார், அதில் அவர் கேட்டது ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு மணி நேரம். நாடுகள் அதைச் செயல்படுத்தியது முதல் உலகப் போரில் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். ஆஸ்திரேலியாவும் இரண்டு உலகப் போர்களிலும் கொஞ்ச காலம் வைத்திருந்து பிறகு விட்டுவிட்டது. இப்போதைய ஏற்பாடு டாஸ்மேனியாவில் தொடங்கியது: 1967ஆம் ஆண்டு மழை பொய்த்து அணைகள் வற்றியபோது, நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த அந்தத் தீவு மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை நகர்த்தியது. 1971இல் பெருநிலத்தின் தென்கிழக்கு மாநிலங்களும் சேர்ந்துகொண்டன.

இலங்கைத் தமிழர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1996இல் வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்தபோது இலங்கையும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அந்த ஆண்டிலேயே அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இந்தியாவும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தது.

எங்கே உண்டு, எங்கே இல்லை

குழப்பத்தில் முக்கால்வாசி இங்கேதான் வருகிறது, அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். ஆஸ்திரேலியாவில் மணியை முடிவு செய்வது அந்தந்த மாநிலம்.

நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா, கான்பெரா இருக்கும் தலைநகரப் பிரதேசம், கடலோரத்தில் சின்னதாக இருக்கும் ஜெர்விஸ் பே பிரதேசம், இவைதான் கிழக்குப் பகலொளி நேரத்துக்குள் வருகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவும் அதே தேதிகளில் மாறுகிறது, ஆனால் அதன் அடிப்படை நேரமே அரை மணி பின்னால் இருப்பதால் அடிலெய்ட் எப்போதும் மெல்பர்னைவிட அரை மணி பின்னாலேயே இருக்கும்.

குயின்ஸ்லாந்து மாறுவதில்லை. வடக்குப் பிரதேசம் மாறுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியா மாறுவதில்லை. ஆகவே கோடையில் நேர வரிசைப்படி சொன்னால் பெர்த் யூடிசிக்கு 8 மணி நேரம் முன்னால், டார்வின் ஒன்பதரை, பிரிஸ்பேன் 10, அடிலெய்ட் பத்தரை, சிட்னி 11. வரைபடத்தில் பிரிஸ்பேன் சிட்னியைவிடச் சற்றுக் கிழக்கே இருக்கிறது, இருந்தும் கோடையில் ஒரு மணி நேரம் பின்தங்குகிறது. நட்ட நடுவில் இருக்கும் அடிலெய்ட்கூட அப்போது பிரிஸ்பேனைவிட அரை மணி முன்னால் போய்விடுகிறது. ஊருக்கும் பிரிஸ்பேனுக்கும் வித்தியாசம் ஆண்டு முழுவதும் நான்கரை மணி நேரம்தான். பெர்த்துக்கு எப்போதும் இரண்டரை.

குயின்ஸ்லாந்துக்காரர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று சிட்னியில் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாநிலம் வடக்கு தெற்காக மிக நீளமானது, பாதிக்கு மேல் வெப்ப மண்டலத்தில் இருக்கிறது. கெய்ர்ன்ஸ் பக்கம் பகலின் நீளம் ஊரைப் போலவே அதிகம் மாறாது, அங்கே மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்து என்ன ஆகப்போகிறது, வெயில்தான் கூடும். மேற்கே மவுன்ட் ஐசாவில் சூரியன் ஏற்கெனவே கடிகாரத்தைவிட 40 நிமிடம் தாமதமாக ஓடுகிறது, அதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்புவது உச்சி வெயிலில். 1989 முதல் 1992 வரை அங்கே சோதனை செய்து பார்த்தார்கள், 1992 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் 54.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1975, 1984, 1992, 2009 என்று நான்கு முறை வாக்கெடுப்பு நடந்தது, நான்கு முறையும் வேண்டாம் என்றே முடிவு வந்தது. தென்கோடியில் இருப்பவர்களுக்குப் பொருந்துவது வடகோடிக்குப் பொருந்தாது, இதில் யார் மேலும் தவறில்லை.

விதிவிலக்குகள் சில உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள்ளேயே மேற்குக் கோடியில் இருக்கும் சுரங்க நகரமான புரோக்கன் ஹில் அடிலெய்ட் நேரத்தைப் பின்பற்றுகிறது. லார்ட் ஹோ தீவில் கடிகாரம் அரை மணி நேரம் மட்டும் நகர்கிறது: குளிர்காலத்தில் சிட்னியைவிட அரை மணி முன்னால், கோடையில் சிட்னியோடு ஒன்று. நார்ஃபோக் தீவு 2019இல்தான் டேலைட் சேவிங்குக்கு வந்தது, எப்போதும் சிட்னியைவிட ஒரு மணி நேரம் முன்னால். இந்த மூன்றிலும் உங்களுக்கு வேலை இல்லையென்றால் மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது கோல்டு கோஸ்ட் எல்லை. சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் அங்கே போவார்கள். நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸும் குயின்ஸ்லாந்தின் கூலங்கட்டாவும் ஒரே ஊர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் ஒரு தெருதான். கோடையில் தெருவின் இந்தப் பக்கம் மணி 10 என்றால் அந்தப் பக்கம் 9. வீடு ஒரு மாநிலத்தில், வேலையும் பள்ளிக்கூடமும் இன்னொரு மாநிலத்தில் என்று வாழும் குடும்பங்கள் அங்கே ஆறு மாதம் இரண்டு கடிகாரத்தோடு ஓடுகின்றன. கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையே எல்லைக்கோட்டின் மேல் கிடக்கிறது, ஆனால் விமான நிலையம் இயங்குவது குயின்ஸ்லாந்து நேரத்தில். ட்வீட் ஹெட்ஸில் அறை எடுத்துத் தங்கினால் இதைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். மறந்தால் திரும்பும் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்பீர்கள், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் கூலங்கட்டாவில் தங்கிக்கொண்டு ட்வீட் ஹெட்ஸில் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனால் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும்.

போனையும் கணினியையும் சரி செய்வது

போனில் நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்கி வைத்திருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தூங்கி எழும்போது மாறியிருக்கும், அலாரமும் புது நேரத்தில் அடிக்கும். பிரச்சினை வருவது அதை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு. ஊர் நேரத்தைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சிலர் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊர் நேரம் வேண்டுமென்றால் உலகக் கடிகாரத்தில் சென்னையையோ கொழும்பையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கடிகார முள்ளைக் கையால் நகர்த்தினால், மணி சரியாகத் தெரிந்தாலும் நேர வலயம் தவறாகவே இருக்கும். அப்புறம் நாள்காட்டியில் இருக்கும் கூட்டங்கள் எல்லாம் தப்பான நேரத்தில் வந்து நிற்கும்.

விண்டோஸ் கணினியில் நேர வலயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கான்பெரா, மெல்பர்ன், சிட்னி என்று ஒரு வரி, பிரிஸ்பேன் என்று தனியாக ஒரு வரி, ஹோபார்ட் என்று இன்னொரு வரி இருக்கும். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் யூடிசி +10 என்றுதான் போட்டிருக்கும், நடுக்கோடையிலும் அப்படித்தான். அந்த எண்ணைப் பார்த்து மயங்காமல் ஊர்ப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெல்பர்னில் இருந்துகொண்டு பிரிஸ்பேனைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் எல்லாம் சரியாக இருக்கும், அக்டோபரில்தான் வினை தெரியும்.

கோல்டு கோஸ்ட் எல்லைக்குப் போனால் மட்டும் தானியங்கி வசதியை அந்த நாட்களுக்கு நிறுத்திவிட்டு ஊரைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது. எந்தப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து சிக்னல் வருகிறதோ அந்தப் பக்கத்து மணியைப் போன் காட்டும், அறைக்குள் நடமாடும்போதே ஒரு மணி நேரம் மாறி மாறிக் காட்டினால் அலாரத்தை நம்ப முடியாது.

வீட்டில் கையால் மாற்ற வேண்டியவை: மைக்ரோவேவ், ஓவன், சுவர்க் கடிகாரம், கார். பழைய கருவிகள் சில தாமாகவே மாறும், ஆனால் தப்பான நாளில் மாறும். இப்போதுள்ள தேதிகள் 2008 முதல்தான் நடப்பில் இருக்கின்றன. அதற்கு முன் பெரும்பாலும் அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இருந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்காக ஆகஸ்ட் 27ஆம் தேதியே தொடங்கிவிட்டார்கள். வாடகை வீட்டில் பழைய கடிகாரம் ஏதாவது இருந்தால் அக்டோபரிலும், மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்திலும் அதை நம்ப வேண்டாம்.

ஏப்ரலில் கடிகாரம் மாற்றும்போதே புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியையும் மாற்றச் சொல்லி இங்குள்ள தீயணைப்புத் துறையினர் ஆண்டுதோறும் நினைவூட்டுவார்கள். குளிர்காலம் வருகிறது, ஹீட்டர் போடப்போகிறோம், ஆகவே அதைச் செய்துவிடுங்கள்.

போன், கூட்டம், விமானம்

ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது: நேரத்தைச் சொல்லும்போது ஊரையும் சொல்லுங்கள். ‘ஆஸ்திரேலியா நேரம் 3 மணி’ என்று எழுதாதீர்கள், ‘மெல்பர்ன் நேரம் 3 மணி’ என்று எழுதுங்கள். ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஏஇடிடி என்றால் கோடை நேரம், ஏஇஎஸ்டி என்றால் வழக்கமான நேரம். கோடையிலும் கைப்பழக்கத்தில் ஏஇஎஸ்டி என்று எழுதுகிறவர்கள் ஏராளம், அலுவலகக் கடிதங்களில்கூடப் பார்க்கலாம். அப்படி வந்தால் சிட்னியா பிரிஸ்பேனா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது. வேலைக்கான நேர்காணல் என்றால் கட்டாயம் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாரா வாரம் வரும் கூட்டத்தை யார் உருவாக்கினார்களோ அவர்கள் ஊர் நேரத்தில்தான் அது நிலைத்து நிற்கும். சென்னை அலுவலகம் காலை 10 மணிக்கு வைத்த கூட்டம் உங்களுக்கு ஜூலையில் பிற்பகல் 2:30, அக்டோபரில் திடீரென்று 3:30. அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்து வர வேண்டியிருக்கும். செப்டம்பரிலேயே சொல்லி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் மாறுவது தெரிய வழியில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

அம்மா அப்பாவோடு பேசும் நேரமும் அப்படியே. குளிர்காலத்தில் இரவு 9 மணிக்கு நீங்கள் அழைத்தால் ஊரில் மாலை 4:30. கோடையில் அதே 9 மணிக்கு அழைத்தால் அங்கே 3:30, மதியத் தூக்கத்தில் இருப்பார்கள். மறுபக்கம், அவர்கள் இரவு 7:30க்கு சீரியல் முடிந்து சாவகாசமாக அழைத்தால் கோடையில் உங்களுக்கு நள்ளிரவு 1 மணி. வித்தியாசம் கூடுகிறது என்று அக்டோபருக்கு முன்பே அவர்களிடம் சொல்லி வையுங்கள். பிள்ளை போனை எடுக்கவில்லை என்று அவர்கள் தவிப்பது இதனால்தான் பல நேரம்.

விமானச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊருக்கு. கோடையில் சிட்னியில் 9 மணிக்குக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் பறந்தால் பிரிஸ்பேனில் இறங்கும்போது மணி 9:30. திரும்பி வரும்போது 9 மணிக்குக் கிளம்பினால் 11:30. சீட்டு தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

குடும்பம் லண்டனிலும் டொரொன்டோவிலும் சிதறியிருப்பவர்களுக்கு ஒரு படி கூடுதல் வேலை, ஏனென்றால் அவர்களும் மாறுகிறார்கள், வேறு தேதியில், எதிர்த் திசையில். லண்டனைவிட சிட்னி ஜூலையில் 9 மணி நேரம் முன்னால், டிசம்பரில் 11. இடையில் அக்டோபரில் சுமார் மூன்று நான்கு வாரமும், மார்ச் கடைசி ஞாயிறுக்கும் ஏப்ரல் முதல் ஞாயிறுக்கும் இடைப்பட்ட ஒரு வாரமும் 10. டொரொன்டோவுக்கு ஜூலையில் 14, டிசம்பரில் 16, மார்ச்சிலும் அக்டோபரிலும் சில வாரங்கள் 15. இதை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். மூன்று நாட்டுக் குடும்ப அழைப்பை யாழ்ப்பாணத்து நேரத்திலோ சென்னை நேரத்திலோ குறித்துவிடுங்கள். மாறாத நேரம் ஒன்று வீட்டிலேயே இருக்கும்போது அதைப் பிடித்துக்கொள்வதுதான் சுலபம். நியூசிலாந்தில் சொந்தம் இருந்தால், அவர்கள் செப்டம்பர் கடைசி ஞாயிறே மாறிவிடுவார்கள், முடிப்பது நம்மோடு ஏப்ரலில்.

ஊரில் இருந்துகொண்டு கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மெல்பர்னில் பாக்சிங் டே டெஸ்ட் வழக்கமாகக் காலை 10:30க்குத் தொடங்கும், இந்தியாவில் அப்போது விடியற்காலை 5 மணி. பிரிஸ்பேன் காபா மைதானத்தில் 10 மணிக்கே தொடங்கினாலும் இந்தியாவில் 5:30.

பஞ்சாங்கம், ராகு காலம், ஜாதகம்

ஊரிலிருந்து கொண்டுவந்த நாள்காட்டியைச் சமையலறையில் மாட்டி வைத்து அதிலிருக்கும் ராகு காலத்தை அப்படியே பார்ப்பவர்கள் பலர். அது இங்கே பொருந்தாது. ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரித்து வருவது, அச்சடித்த நேரங்கள் 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு போட்டவை. ஞாயிற்றுக்கிழமை 4:30 முதல் 6 வரை என்பது பகலின் எட்டாவது பங்கு. சிட்னியில் டிசம்பர் 22 வாக்கில் பகல் 14 மணி 24 நிமிடம், எட்டில் ஒரு பங்கு 1 மணி 48 நிமிடம், ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 6:17 முதல் 8:05 வரை. ஜூன் மாதத்தில் 7 மணிக்கு உதித்து 4:54க்கு மறையும்போது அதே ராகு காலம் 3:40 முதல் 4:54 வரை. உதய அஸ்தமன நேரத்தை உங்கள் ஊருக்கு எடுத்து இப்படிப் பிரித்தால் டேலைட் சேவிங் கணக்கும் தானாக உள்ளே வந்துவிடும், தனியாகக் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

திதி, நட்சத்திரம் வேறு மாதிரி. அவை சந்திரனின் நிலையைப் பொறுத்தவை, உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் முடிபவை, எனவே ஊர் நேரத்தோடு வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். ஊர்ப் பஞ்சாங்கத்தில் ஒரு திதி மாலை 6:45க்கு முடிகிறது என்று இருந்தால் சிட்னியில் குளிர்காலத்தில் அது அன்றிரவு 11:15, கோடையில் நள்ளிரவு தாண்டி 12:15, தேதியே மாறிவிடுகிறது. தீபாவளி, பொங்கல், தைப்பூசம், சிவராத்திரி எல்லாம் டேலைட் சேவிங் காலத்தில் வருவதால் ஐந்தரை கூட்டுங்கள்; சித்திரை வருடப்பிறப்பு அது முடிந்தபின் வருவதால் நான்கரை. விரதம் இருப்பவர்கள் இங்குள்ள கோயில்கள் உள்ளூருக்கென்று வெளியிடும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது உத்தமம். தீபாவளிக்கு விளக்கு ஏற்ற இருட்டுவதற்காகக் காத்திருந்தால் சிட்னியில் 7 மணிக்கு மேல் ஆகிவிடும், மெல்பர்னில் இன்னும் அரை மணி கூடுதல். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாப்பாட்டை முன்னதாக முடித்துவிடுங்கள்.

ஜாதகம் எழுதுவதில்தான் அதிக கவனம் வேண்டும். இங்கே ஜனவரியில் காலை 10:15க்குக் குழந்தை பிறந்தால் மருத்துவமனை எழுதித் தருவது டேலைட் சேவிங் நேரம். ஊரில் இருக்கும் ஜோதிடர் அதை யூடிசி +10 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் பிசகும், லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுவதால் லக்னமே வேறாகிவிடலாம். பிறந்த நேரம், ஊர் இரண்டையும் எழுதி, ‘யூடிசி +11, இந்திய நேரம் காலை 4:45’ என்றும் சேர்த்து அனுப்புங்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் பிறந்த குழந்தை என்றால், அது முதல் தடவை வந்த 2:30ஆ, இரண்டாம் தடவை வந்ததா என்பதைத் தாதியரிடம் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு

முதியோர் இல்லம், கிடங்கு, பெட்ரோல் பங்க், மருத்துவமனை என்று இரவு ஷிப்ட் பார்ப்பவர்களில் புதிதாக வந்தவர்கள்தான் நிறைய, அவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை. சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரை வேலை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் மாற்றத்தன்று நீங்கள் உண்மையில் வேலை செய்வது 7 மணி நேரம். ஏப்ரல் மாற்றத்தன்று 9 மணி நேரம். சம்பளம் எப்படி என்பது உங்கள் தொழிலுக்கான அவார்டு என்ற ஊதிய விதியிலோ நிறுவன ஒப்பந்தத்திலோ இருக்கும். அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால் பொது விதி, கடிகாரம் காட்டும் நேரத்துக்கே சம்பளம்: இரண்டு முறையும் 8 மணி நேரத்துக்கு. சில விதிகளில் உண்மையில் உழைத்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கும். ஏப்ரல் ஷிப்டை ஒப்புக்கொள்ளும் முன்பே மேலாளரிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் வேலை, சம்பள விதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் இலவசமாக விசாரிக்கலாம்.

அக்டோபர் திங்கட்கிழமை காலையில் உடம்பு ஒரு மணி நேரம் கடனில் இருக்கும். குழந்தைகளைப் புதன்கிழமையிலிருந்தே தினமும் கால் மணி முன்னதாகப் படுக்க வைத்தால் ஞாயிறுக்குள் பழகிவிடும், பெரியவர்களுக்கும் அதுதான் வழி. இன்சுலின் போல நேரம் தவறக் கூடாத மருந்து எடுப்பவர்கள் மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு நீண்ட தூரம் கார் ஓட்டும் பயணம் ஏதும் வைத்திருந்தால் மதியத்துக்குத் தள்ளிப் போடுங்கள், இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் கிளம்புவதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்.